ஒரு பட்டிழை, ஒரு மணி: மக்காச்சோளம் பயிரிடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உறை பிரிக்காத பிஞ்சு மக்காச்சோளக் கதிர் ஒன்று கிடைத்தால், அதை உடனே சமையலுக்கு நறுக்கிவிடாமல் மெதுவாகத் தோலுரித்துப் பாருங்கள். உறைக்குள்ளே இளம்பச்சையாக, பட்டுப்போல் வழுவழுப்பாக நூற்றுக்கணக்கான இழைகள் இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் விரலால் பிரித்து, அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால், ஒரே ஒரு மணியின் தலையில் போய் முடிந்திருக்கும். அடுத்த இழை அடுத்த மணியில் முடியும். கதிரில் எத்தனை மணிகள் பிடிக்க வாய்ப்பு உண்டோ அத்தனை இழைகள் இருக்கின்றன. எந்த இழையின் மேல் மகரந்தத்தூள் விழவில்லையோ அந்த மணி பிடிக்காது, அந்த இடம் பொக்கையாகவே நின்றுவிடும்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், மக்காச்சோளச் சாகுபடியில் ஏன் இப்படி நட வேண்டும், ஏன் இந்த நாளில் தண்ணீர் விட வேண்டும், ஏன் அந்த வாரத்தில் கொல்லையை விட்டு நகரக்கூடாது என்பவையெல்லாம் தாமாகவே விளங்கும். பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் சிறிய அளவில் இந்தப் பயிரைச் செய்துவரும் அனுபவத்தில், புதிதாகத் தொடங்குவோருக்கு விதைப்பிலிருந்து அடுப்படி வரை தேவையானவற்றை எழுதுகிறேன். ஐந்து சென்ட் தோட்டம் வைத்திருப்பவருக்கும் ஓர் ஏக்கரில் இறங்குபவருக்கும் அடிப்படை ஒன்றுதான்.

சோளமும் மக்காச்சோளமும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் விதை வாங்கும்போதும் மாவு வாங்கும்போதும் இது கைப்பணத்தைத் தொடும் விஷயம். நம் முன்னோர் காலங்காலமாக விதைத்த சோளம் தலையில் கதிர் வைக்கும் சிறுதானியம்; வெள்ளைச்சோளம், செஞ்சோளம், இருங்குச்சோளம் எல்லாம் அதன் வகைகள். மக்காச்சோளம் வேறு பயிர். அது மெக்சிகோவின் தென்மேற்கில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து மனிதர் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. தியோசின்டேயின் கதிரில் கல்போன்ற ஓட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு விதைகள்தாம் இருக்கும், அவையும் முற்றியதும் உதிர்ந்துவிடும். மக்காச்சோளத்தின் மணிகளோ உதிர்வதில்லை. உறைக்குள் கட்டுண்டு கிடக்கும் அவற்றை மனிதர் கை பிரித்து விதைக்காவிட்டால் இந்தப் பயிர் சில தலைமுறைகளில் இல்லாமலே போய்விடும். போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவுக்கு வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இரண்டுக்கும் இடையே மாடு வளர்ப்பவர் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. வறட்சியில் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் நச்சுத்தன்மை சேரும்; அதை மேய்ந்த மாடு இறந்துபோவதும் உண்டு. மக்காச்சோளத் தட்டையில் அந்த நச்சு இல்லை என்பதால் இளம்பருவத்திலும் தீவனமாக அறுத்துப் போடலாம்.

எந்த வகையை விதைப்பது என்பது எதற்காக விதைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோழித்தீவனத்துக்கும் மாவுக்கும் போவது கெட்டியான மஞ்சள் மணி கொண்ட வீரிய ஒட்டு ரகங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.எச்.எம். 6, கோ.எச்.எம். 8 போன்றவையும் தனியார் நிறுவனங்களின் ரகங்களும் இதில் அடங்கும். அவித்துத் தின்பதற்கு இனிப்பு மக்காச்சோளம் தனி வகை. பொரிக்கும் வகையும் தனிதான். அதன் தோல் மிகக் கெட்டியாக இருப்பதால், உள்ளே ஏறத்தாழ 14 சதவீதம் இருக்கும் ஈரம் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகி, வெளியேற வழியின்றி அழுத்தம் கூடி வெடிக்கிறது. தீவன ரகத்து மணியை எவ்வளவு வறுத்தாலும் அப்படிப் பூவாக மலராது. சிறுகதிர் என்று விற்கப்படும் பிஞ்சுக் கதிரோ, இழை வெளிவந்த ஓரிரு நாளில், மகரந்தம் சேரும் முன்பே ஒடிக்கப்படுவது. முதன்முறை பயிரிடுபவருக்கு நான் சொல்வது, கொஞ்சம் இனிப்பு வகையும் கொஞ்சம் தீவன ரகமும் என்று ஆசைப்பட்டு அருகருகே விதைக்க வேண்டாம் என்பதே. தீவன ரகத்தின் தூள் இனிப்பு வகையின் இழையில் விழுந்தால், அந்த மணி அந்தக் கதிரிலேயே மாச்சத்து ஏறி இனிப்புக் குறைந்து முற்றும். அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்காமல் உண்ணும் மணியிலேயே தந்தையின் குணம் தெரியும் பயிர் இது.

நிலமும் பட்டமும்

ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டில் வழக்கமானவை. மானாவாரியில் புரட்டாசி மழையை நம்பி விதைப்பது எங்கள் பக்கத்து முறை. கிணற்றுப் பாசனம் இருந்தால் தைப்பட்டம் நன்றாக வரும். நாள் பார்க்கும்போது விதைப்பு நாளை மட்டும் பார்க்காமல், அதிலிருந்து 50 முதல் 60 நாள் கழித்து வானம் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கிட வேண்டும். அப்போதுதான் பயிர் பூக்கிறது. கடும் வெயிலும் வறண்ட காற்றும் அந்த வாரத்தில் வந்தால் இழை காய்ந்துவிடும். ஆகையால் பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பூக்கும்படி விதைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

செம்மண், கரிசல், வண்டல் எதிலும் வரும் பயிர்தான் என்றாலும், தண்ணீர் தேங்கும் இடத்தில் வராது. முழங்கால் உயரம் வருவதற்குள் இரண்டு நாள் வேர்ப்பகுதியில் தண்ணீர் நின்றாலே இலை மஞ்சளித்து, பிறகு எவ்வளவு உரமிட்டாலும் பயிர் தேறுவதில்லை. ஆகையால் கரிசல் நிலத்தில் வடிகால் சால் எடுத்துப் பார் பிடித்து விதைப்பது கட்டாயம். கோடையிலேயே ஆழ உழுதுவிட வேண்டும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கும் படைப்புழு மேலே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரமும் 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இடுவது நல்லது.

விதைப்பு: வரிசையாக அல்ல, கட்டமாக

வீரிய ஒட்டு விதை ஏக்கருக்கு 8 கிலோ தேவைப்படும். ஒரு சென்ட்டுக்கு 80 கிராம் போதும். பாருக்குப் பார் இரண்டடியும் செடிக்குச் செடி ஒரு ஜாணுக்குச் சற்று அதிகமாக 25 சென்டிமீட்டரும் விட்டு, குழிக்கு ஒரு விதையாக 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். இந்தக் கணக்கில் ஏக்கருக்கு 26,000 செடிகளுக்கு மேல் நிற்கும். ஒரு செடிக்கு ஒரு நல்ல கதிர் என்பதுதான் நிதானமான எதிர்பார்ப்பு. செடிக்கு மூன்று கதிர் என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். கடைவிதை பெரும்பாலும் மருந்து நேர்த்தி செய்யப்பட்டே வரும் என்பதால், மிஞ்சியதைக் கோழிக்கோ சமையலுக்கோ கொடுக்கக்கூடாது.

ஊன்றும் வடிவத்தில்தான் வீட்டுத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். நானும் முதல் ஆண்டில் வேலியோரமாக ஒரே வரிசையில் அறுபது செடி வைத்தேன். செடிகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, உரமும் தண்ணீரும் குறையில்லாமல் நின்றதைப் பார்த்து வீடே மகிழ்ந்தது. கதிரை ஒடித்து உரித்தபோது, கட்டையில் இங்கே நான்கு மணியும் அங்கே ஆறு மணியுமாக, பல் விழுந்த கிழவரின் வாயைப்போல் இருந்தது. மக்காச்சோளத்தின் தூளைத் தேனீ சுமந்து வந்து சேர்ப்பதில்லை, காற்று சேர்க்கிறது. உச்சியில் நிற்கும் ஆண்பூவிலிருந்து உதிரும் தூள், இடுப்பளவில் இருக்கும் பக்கத்துச் செடியின் இழையில் விழ வேண்டும். ஒற்றை வரிசையில் நட்டால் காற்று அதை வேலிக்கு அப்பால் கொண்டுபோய்விடும். அறுபது செடியே வைப்பதானாலும் எட்டு எட்டாகக் கட்டமாக வைக்க வேண்டும். குறைந்தது நான்கு வரிசையாவது இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே விதையை அப்படி மாற்றி ஊன்றியபோது கதிர் நுனிவரை நிறைந்தது.

விதைத்த 12 முதல் 15 நாளுக்குள், கைதவறி இரண்டு விதை விழுந்து இரண்டாக முளைத்த இடத்தில் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். முளைக்காத இடத்தில் மறுவிதை போடுவதானால் முதல் வாரத்துக்குள் போட வேண்டும். தாமதமாக முளைத்த செடி அக்கம்பக்கத்து நிழலில் நோஞ்சானாக நிற்பதோடு, மற்றவை தூள் உதிர்த்து முடித்த பிறகே இழை விடும்.

உரம், களை, தண்ணீர்

மக்காச்சோளம் தழைச்சத்தை அதிகம் கேட்கும் பயிர். இறவையில் வீரிய ஒட்டு ரகத்துக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து, 30 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து. மூட்டைக் கணக்கில் சொன்னால், அடியுரமாக 65 கிலோ டி.ஏ.பி., 50 கிலோ பொட்டாஷ், 30 கிலோ யூரியா. 25-ஆம் நாள் 108 கிலோ யூரியா. 45-ஆம் நாள் 54 கிலோ யூரியா. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதன்படியே கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். மானாவாரியில் இதில் பாதிக்கும் குறைவாக, மழையின் ஈரம் பார்த்து இட வேண்டும். காய்ந்த மண்ணில் போட்ட யூரியா காற்றோடு போகும் காசு. துத்தநாகக் குறை நம் நிலங்களில் பரவலாக இருப்பதால், ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து விதைப்பின்போது தனியாகத் தூவ வேண்டும். அதை டி.ஏ.பி.யோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும்.

களையைப் பொறுத்தவரை முதல் 40 நாள்தான் போட்டி. அதற்குப் பிறகு பயிரின் நிழலே களையை அடக்கிவிடும். விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது பெருநிலத்தில் வழக்கம், ஆனால் உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றை ஊடுபயிராகப் போட்டிருந்தால் அட்ரசின் அவற்றைக் கருக்கிவிடும் என்பதால் பயன்படுத்தக்கூடாது. சிறு நிலத்தில் 15, 35 ஆகிய நாள்களில் இருமுறை கைக்களை எடுப்பதே போதுமானது. 25-ஆம் நாள் மேலுரம் இட்ட கையோடு மண் அணைக்க வேண்டும். தண்டின் அடிக்கணுவிலிருந்து விழுதுபோல் இறங்கும் வேர்கள் அந்த மண்ணைப் பற்றிக்கொண்டுதான் ஐப்பசிக் காற்றில் பயிர் சாயாமல் நிற்கிறது.

விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்று நான்கு நாளில் உயிர்த்தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை என்பது பொதுவான முறை. தண்ணீர் குறைவாக இருப்பவர் எந்தத் தண்ணீரை வேண்டுமானாலும் தள்ளிப் போடலாம். ஆண்பூ தலைகாட்டியதிலிருந்து மணி பால் கட்டும் வரையுள்ள தண்ணீரை மட்டும் தள்ளிப் போடக்கூடாது.

குருத்துக்குள் பார்க்கும் வேலை

2018-க்கு முன் மக்காச்சோளத்தை மருந்தே அடிக்காமல் விளைவித்தோம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது மிகையன்று. அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டு, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமோகா பகுதியில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டுப் பட்டத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் கொல்லைகளைச் சூறையாடியது. அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குச் சேதம் நேர்ந்தது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்க வல்லது என்பதால், நம் கொல்லையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது. கண்காணிப்பு ஒன்றுதான் வழி.

விதைத்த பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை காலையில் கொல்லைக்குள் நடக்க வேண்டும். ஓரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. இலையின் அடிப்பக்கத்தில் மயிர் மூடிய கந்தல் துணிபோல் ஒட்டியிருப்பது முட்டைக் குவியல். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டைகள் இருக்கும் என்பதால், அதை அப்போதே விரலால் நசுக்குவது எந்த மருந்தையும்விட மலிவானது. முட்டையிலிருந்து வந்த சிறு புழு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டுவதால், இலையில் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோன்ற வெள்ளைத் திட்டுகள் தோன்றும். அடுத்த கட்டமாக அது குருத்துக்குள் இறங்கிவிடும். பிறகு விரியும் இலையில் வரிசை வரிசையாக ஓட்டைகளும், குருத்தில் ஈரமான மரத்தூள்போன்ற எச்சமும் தெரியும். குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்துப் பார்த்தால், தலையில் தலைகீழான 'ஒய்' வடிவ வெண்கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இந்த இரண்டு அடையாளமும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

நூறு செடியைப் பார்த்ததில் பத்துக்கு மேல் புதிய சேதம் இருந்தால் தெளிப்புத் தேவை. ஐந்து சென்ட் தோட்டத்தில் நன்றாகச் சலித்த மணலோடு ஒன்பதுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புத்தூள் கலந்து, ஒரு சிட்டிகை குருத்துக்குள் போடுவதே பலன் தரும். பெருநிலத்தில் ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்தின் வரவைக் கவனித்து, வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போட்டு நன்மை செய்யும் பூச்சிகளை வரவழைக்க வேண்டும். அதையும் மீறினால் லிட்டர் தண்ணீருக்குக் குளோரன்ட்ரனிலிப்ரோல் 0.4 மில்லி அல்லது ஸ்பினிடோரம் 0.5 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்கக்கூடாது. தெளிப்பானின் முனையைச் செடிக்குச் செடி குருத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். இலைமேல் பனிபோல் தூவிவிட்டுப் போனால் குருத்தின் அடியில், தன் எச்சத்தையே மூடியாக வைத்துக்கொண்டு இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. மருந்துப் புட்டியின் சீட்டில் குறித்திருக்கும் காத்திருப்பு நாள்களை, குறிப்பாகப் பச்சையாக ஒடிக்கும் இனிப்பு வகைக்கு, ஒருநாளும் குறைக்கக்கூடாது.

மற்ற தொல்லைகளை ஒப்பிடுகையில் சிறியவை என்பேன். இலையில் வெளிறிய நீளக் கோடுகளும் அடியில் வெண்பூசணமும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். மயிலும் கிளியும் காட்டுப்பன்றியும் இருக்கும் ஊரில், பால் பிடிக்கும் பருவத்துக் காவலுக்கு ஆள் இருக்கிறதா என்பதை விதைக்கும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பூக்கும் வாரம்

ஐம்பதாம் நாளை ஒட்டி உச்சியில் ஆண்பூ விரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, இலைக் கக்கத்தில் நிற்கும் கதிரின் நுனியிலிருந்து இழைகள் வெளியே வரும். கதிரின் அடிப்பகுதி மணிகளின் இழை முதலில் வரும். நுனிமணிகளின் இழை கடைசியில் வரும். வறட்சியில் ஆண்பூ தன் நேரத்துக்கு விரிந்துவிட, இழை மட்டும் தாமதப்படும். நுனி இழை வெளியே வரும்போது தூள் தீர்ந்திருக்கும். கதிரின் நுனி மொட்டையாக நிற்பதற்கு உரக்குறைவே காரணம் என்று உடனே முடிவுகட்டாமல், அந்த வாரத்துத் தண்ணீரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காலை ஒன்பது மணிவாக்கில், பனி உலர்ந்ததும் செடியை லேசாகத் தட்டினால் மஞ்சள் தூள் புகைபோல் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சிறு தோட்டக்காரர் நான்கைந்து நாள் தொடர்ந்து இதைச் செய்யலாம்: ஆண்பூவைக் காகிதப் பையில் நுழைத்து உலுக்கித் தூளைச் சேர்த்து, பக்கத்துச் செடிகளின் இழைமேல் தூவிவிட வேண்டும். இழையில் விழுந்த தூள் குழாய்போல் வளர்ந்து, ஒரு நாளுக்குள் அந்த இழையின் நீளம் முழுவதும் உள்ளே பயணம் செய்து மணியை அடைகிறது. அடைந்ததும் இழையின் வேலை முடிந்து, மணியிலிருந்து அது கழன்றுகொள்ளும். மணி பிடித்ததா என்று அறிய விரும்புபவர் ஒரு கதிரைப் பறித்து உறையைக் கவனமாகக் கீறிப் பிரித்துவிட்டு மெல்ல உலுக்கிப் பார்க்கலாம். உதிரும் இழைகள் மணி பிடித்தவை, ஒட்டிக்கொண்டு நிற்பவை தூள் கிடைக்காதவை. ஒரு கதிரை இழப்பதால் அந்தக் கொல்லையின் விளைச்சலையே முன்கூட்டி மதிப்பிட முடிகிறது. உரித்த கதிரில் மணிவரிசைகளையும் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று எப்போதும் இரட்டைப்படையிலேயே வரும், ஏனெனில் கதிரில் பூக்கள் இணை இணையாகவே தோன்றுகின்றன.

ஒடிப்பும் உலர்த்தலும்

அவித்துத் தின்பதற்கு, இழை வெளிவந்து ஏறத்தாழ 20-ஆம் நாள் பக்குவம். வெளியே தெரியும் இழை பழுப்பாகக் காய்ந்து, நகத்தால் மணியைக் கீறினால் பால் தெறிக்க வேண்டும். தண்ணீராகத் தெறித்தால் இன்னும் இளசு, மாவாக ஒட்டினால் முற்றிவிட்டது. ஒடித்த நொடியிலிருந்து சர்க்கரை மாச்சத்தாக மாறத் தொடங்குவதால், விடியற்காலையில் ஒடித்து அன்றே சமைப்பது நல்லது. முடியாவிட்டால் உறையோடு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

தானியத்துக்காக விளைவிப்பவர் 95 முதல் 110 நாள் வரை பொறுத்திருக்க வேண்டும். உறை வைக்கோல் நிறமானதும் ஒரு மணியைப் பெயர்த்து, கட்டையோடு ஒட்டியிருந்த அதன் அடிமுனையைச் சுரண்டிப் பார்த்தால், கறுப்புப் புள்ளி தெரியும். அந்தக் கறுப்பு விழுந்துவிட்டால் செடியிலிருந்து மணிக்கு இனி எதுவும் போகாது. அப்போதும் மணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரம் இருக்கும் என்பதால், மழை இல்லாவிட்டால் செடியிலேயே இன்னும் ஒரு வாரம் காயவிடலாம்.

அடுத்து வருவது உலர்த்தல். இந்த வேலையில் காட்டும் அலட்சியத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். ஈரம் 12 அல்லது 13 சதவீதத்துக்கு இறங்காத மக்காச்சோளத்தை மூட்டை கட்டினால் பச்சைப் பூசணம் பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுமையாக அழியாது. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட பழங்குடி மக்களில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போட்டால் அந்த நஞ்சின் ஒரு பகுதி பாலில் வந்துவிடும். ஆகையால் பூசணம் கண்ட கதிரை மனிதருக்கும் கொடுக்காமல், கால்நடைக்கும் கொடுக்காமல் எரித்துவிட வேண்டும்.

தார்ப்பாயில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, மாலையில் மூடி வைத்து நான்கைந்து நாள் காயப்போட வேண்டும். ஈரமானி இல்லாதவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு கைப்பிடி மணியும் நன்கு காய்ந்த தூளுப்பு ஒரு கரண்டியும் போட்டு மூடி, சிறிது நேரம் குலுக்கிவிட்டுக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. மீண்டும் களத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஒட்டாமல் உதிர்ந்தாலும் ஒரு வெயில் கூடுதலாகக் காட்டிவிட்டு, மூட்டைகளைத் தரையில் படாமல் கட்டையின் மேல் அடுக்க வேண்டும்.

விற்பனைக்குப் போகும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் வட்டாரக் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்கே போகிறது. 2025-26-க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். வியாபாரி ஈரத்தைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார் என்பதால், களத்தில் செலவழித்த இரண்டு நாள் அங்கே பணமாகத் திரும்பும். வீரிய ஒட்டு ரகத்தின் மணியை அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்துவைக்க வேண்டாம். பெற்றோரின் குணங்கள் பிரிந்து, குட்டையும் நெட்டையுமாக முளைத்து விளைச்சல் சரியும்.

அடுப்படியில்

கடையில் மூன்று பொட்டலங்கள் ஏறத்தாழ ஒரே பெயரில் கிடைக்கின்றன. வெண்மையாக, விரலிடையில் கிறீச்சென்று ஒலிக்கும் கார்ன்ஃப்ளோர் மக்காச்சோளத்திலிருந்து பிரித்த வெறும் மாச்சத்து. சூப்பைக் கெட்டியாக்கத்தான் அது உதவும். மஞ்சளாக, லேசான இனிப்பு மணத்தோடு இருப்பதே முழு மக்காச்சோள மாவு. சோளமாவு என்று நாட்டு மருந்துக்கடையிலும் சிறுதானியக் கடையிலும் கிடைப்பது பழைய சோளத்தினுடையது. ரொட்டி தட்ட முதல் பொட்டலத்தை வாங்கிவந்து பசையைக் கிண்டியவர்கள் பலர்.

மக்காச்சோள மாவில் கோதுமையின் இழுவைத்தன்மை இல்லை. ஆகையால் கைபொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, வாழையிலையில் வைத்து உள்ளங்கையால் தட்டியே கல்லில் போட வேண்டும்; உருட்டுக்கட்டையால் தேய்த்தால் ஓரம் வெடிக்கும். ரவையாக உடைத்தால் உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் ஆகும், அரிசியில் பாதி அளவு கலந்து ஊறவைத்து அரைத்தால் அடை மொறுமொறுப்பாக வரும். பச்சைக் கதிரைத் தணலில் சுட்டு, எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுத் தேய்த்துத் தின்பதற்கு வழிகாட்டி தேவையில்லை.

ஆனால் மக்காச்சோளத்தை அன்றாட உணவாகக் கொள்ள விரும்புபவருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் தானியத்திலுள்ள நயாசின் என்ற உயிர்ச்சத்து உடலுக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. லைசின், டிரிப்டோபேன் என்ற புரதக்கூறுகளும் குறைவு. மெக்சிகோ மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, அவரையோடு சேர்த்து உண்டதால் நலமாக இருந்தார்கள். விதையைக் கப்பலேற்றிய ஐரோப்பியர் அந்தச் சமையல் முறையைக் கொண்டுபோகவில்லை. 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதி மருத்துவர் காஸ்பார் கசால், மக்காச்சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் தோல் வெடித்துப் புண்ணாகும் நோயைக் கண்டு எழுதினார்; பிறகு பெல்லாக்ரா என்று பெயர்பெற்ற அந்நோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அது தொற்றுநோயல்ல, உணவுக்குறையால் வருவது என்று நிறுவியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். நாம் வாரத்தில் ஒரு நாள் பருப்போடும் மோரோடும் உண்பதால் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் உண்பதானால் சுண்ணாம்பு முறையைப் பழகிக்கொள்ளலாம். வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பும் அதே பொருள்தான் என்பதால், நமக்கு அது அந்நியமும் அல்ல.

உணவுத்தரமான சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடாது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் 10 கிராம் சுண்ணாம்புத்தூளும் போதும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும் என்பதால் எவர்சில்வரில் வைத்து, கொதி வந்த பிறகு சிறுதீயில் அரைமணி நேரத்துக்குமேல் வேகவிட வேண்டும். சிறிது நேரத்தில் தண்ணீர் ஆழ்ந்த மஞ்சளாகி, மழை பெய்த மண்சுவர்போல் ஒரு மணம் எழும். அடுப்பை அணைத்து இரவு முழுவதும் அப்படியே மூடி வைத்தால், காலையில் மணியின் தோல் விரலுக்கிடையே வழுக்கிக்கொண்டு கழலும். மூன்று நான்கு தண்ணீரில் அலசி, தோலைத் தேய்த்து நீக்கி, கிரைண்டரில் இட்டு, ஒட்டுமளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். சுண்ணாம்பு பட்ட மாவு தானே இறுகிப் பிடிக்கும் என்பதால், வெந்நீர் இல்லாமலே வெடிப்பின்றி மெல்லிதாகத் தட்ட வரும். அன்றைக்கு அரைத்ததை அன்றைக்கே காய்ந்த கல்லில் இட்டு, இருபுறமும் புள்ளி விழத் திருப்பி, மொச்சைக் குழம்போ தட்டைப்பயற்றுக் குழம்போ சேர்த்து உண்ணலாம்.